சமையலறை அடைப்பு: அறிகுறியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சமையலறை சிங்க்கில் தண்ணீர் தேங்கினால் பெரும்பாலான வீடுகளில் ஆள் ஓடுவது கடைக்குத்தான். அடைப்பு நீக்கும் பவுடர் ஒரு பாக்கெட், அதன் மேல் ஒரு குண்டான் வெந்நீர். தண்ணீர் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறோம். உள்ளே இருந்த பிசுக்கு மறைந்துவிடுவதில்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய், சூடு தணிந்த இடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நேற்று வரை கைக்கு எட்டிய அடைப்பு இன்று தரைக்கு அடியில்.

அதனால் இந்த வழிமுறையில் மருந்துக்குக் கடைசி இடம்தான். முதலில் அடைப்பு எங்கே என்று தெரிய வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. எந்தெந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தாலே போதும். சிங்க் மட்டும் தேங்கினால், சிங்க்குக்கும் அதன் குழாய் பொதுக் குழாயோடு சேரும் இடத்துக்கும் நடுவில். சிங்க்கும் பாத்ரூமும் சேர்ந்து தேங்கினால், இரண்டும் கூடிய பிறகு. வீடு முழுக்கத் தேங்கினால், வாசல் சேம்பரிலோ (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டி) அதற்கு அப்பாலோ. பக்கத்து வீட்டிலும் அதே கதை என்றால் தெருவில்.

கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் சென்னையின் தனிவீடுகளையும் அடுக்குமாடிகளையும் மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களில் புகார் எண் மாறும், குழாயின் குணம் மாறாது.

தண்ணீர் இறங்குகிறது, ஆனால் மெதுவாக

இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் செலவு ஒன்றுமில்லை. சிங்க்கின் கீழே கதவைத் திறந்து பாருங்கள். கிண்ணம் மாதிரி ஒரு பாகம் தொங்கினால் அது பாட்டில் ட்ராப். வளைந்த குழாயாக இருந்தால் பி-ட்ராப். கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பதுதான் ட்ராப்பின் வேலை. இரண்டையும் கையாலேயே திருகிக் கழற்றலாம். அடியில் ஒரு வாளி வைத்துக்கொண்டு கழற்றுங்கள். உள்ளே தோசை மாவு படிந்த களி, தேங்காய் நார், டீத்தூள், புளிச் சக்கை, அவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கும் பழுப்பு நிறப் பிசுக்கு இருக்கும்.

எடுத்ததைப் பழைய செய்தித்தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். சொல்லவே தேவையில்லாத விஷயம்தான். ஆனால் கழற்றிய கிண்ணத்தைப் பக்கத்து வாஷ்பேசினில் காட்டிக் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் களி இரண்டாவது குழாய்க்குள் போகும், அவ்வளவுதான் லாபம்.

மாட்டும்போது ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை விட்டுவிடும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. சிங்க்கை மூடி விளிம்பருகே வரை தண்ணீர் நிரப்பி, அடைப்பானை எடுத்து, முழுக்க வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். அந்த எண்ணைக் கதவின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள். சுத்தமான குழாயின் அளவு அது. மாதம் ஒரு தடவை இதைப் பார்த்தால், நேரம் கூடிக்கொண்டே போவது அடைப்பு வருவதற்கு வெகுநாள் முன்பே தெரிந்துவிடும்.

தண்ணீர் அசையாமல் நிற்கிறது

ட்ராப் சுத்தம், ஆனாலும் இறங்கவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள். முதலில் ரப்பர் பம்பு. அது வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள். பம்பின் வாய் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். சிங்க்கின் மேல் ஓரத்தில் வழிந்தோடும் துளை இருந்தால் அதை ஈரத் துணியால் அடைக்க வேண்டும். இரட்டை சிங்க் என்றால் மற்றதன் வாயையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். தள்ளுவதைவிட இழுப்பதுதான் முக்கியம். பிசுக்கை உடைப்பது இழுப்புதான்.

அதற்கும் மசியவில்லையென்றால் சுருள் கம்பி. ஹார்டுவேர் கடைகளில் கைப்பிடி வைத்துச் சுழற்றும் வகை கிடைக்கும். ட்ராப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் இருக்கும் குழாய் வாயிலிருந்தே நுழையுங்கள். சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். கம்பி முட்டும் விதத்திலேயே நிறையத் தெரியும். டக்கென்று கெட்டியாக நின்றால் பெரும்பாலும் எல்போ வளைவு. கொஞ்சம் சுழற்றினால் திரும்பி உள்ளே போகும். மெத்தென்று அமுங்கி, வெளியே இழுத்தால் நுனியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ அப்பிக்கொண்டு வந்தால் பிசுக்கு. எவ்வளவு நீளம் உள்ளே போனது என்று கம்பியில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளம்பரைக் கூப்பிட வேண்டி வந்தாலும் சுவரை எங்கே உடைப்பது என்ற கேள்விக்கு அந்த அடையாளமே பதில்.

இப்போது மருந்துக் கதை. கடையில் விற்கும் பவுடர்களில் பெரும்பாலானவற்றின் சரக்கு காஸ்டிக் சோடா. அது கொழுப்போடு சேர்ந்து சோப்பாக மாறும், தண்ணீரில் கரைந்து போகும் என்பதுதான் கணக்கு. குழாயில் கொஞ்சமாவது ஓட்டம் இருந்தால் இந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். ஓட்டமே இல்லாமல் நிற்கும் தண்ணீரில் கொட்டினால், பவுடர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சூடாகி, அரைகுறைச் சோப்பும் பிசுக்குமாகக் கல் போலக் கெட்டியாகிவிடும். சுருள் கம்பிகூட அதைத் துளைக்கத் திணறும். இன்னொன்று: அதற்குப் பின் ட்ராப்பைக் கழற்றுகிறவரின் முகத்தில் தெறிப்பது வெறும் சாக்கடைத் தண்ணீர் இல்லை, காரக் கரைசல். ஏற்கெனவே பவுடர் போட்டிருந்தால் பிளம்பர் கை வைப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை, அவருடைய கண் சம்பந்தப்பட்டது.

பாத்ரூம் கழுவும் ஆசிட் பிசுக்கைக் கரைக்கவே கரைக்காது. பவுடர் போட்ட குழாயில் ஆசிட் ஊற்றினால் கொதித்து மேலே எழும்பும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு நிற்கும் அளவுக்கு. சோடா உப்பும் வினிகரும் ஊற்றினால் நுரை வரும். பார்க்க நன்றாக இருக்கும், அடைப்பு அப்படியே இருக்கும்.

கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம். பி.வி.சி. குழாய் சுமார் 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். சந்திப்புகளில் பசை விடும், குழாய் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், அடுத்த அடைப்பு அங்கேதான். கம்பி போட்டு வழி திறந்த பிறகு, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மூன்று வாளித் தண்ணீரைப் பாத்திர சோப்போடு ஒரே மூச்சில் விடுவது உதவும்.

களக் களக் என்று சத்தம்

சிங்க்கில் விட்ட தண்ணீர் போகும்போது பாத்ரூம் தரை ஜாலியிலிருந்து சத்தம் வருகிறதா? குழாய்க்குள் காற்றுக்கு வழியில்லை என்று அர்த்தம். போகும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். மொட்டை மாடி வரை போகும் காற்றுக் குழாய் திறந்திருந்தால் காற்று அங்கிருந்து வரும். இல்லையென்றால் பக்கத்து ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும்.

காரணம் இரண்டில் ஒன்று. மாடியில் தண்ணீர்த் தொட்டியோ அறையோ கட்டும்போது காற்றுக் குழாயை அறுத்து மூடியிருப்பார்கள், அல்லது பறவை கூடு கட்டியிருக்கும். ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே திறந்துதான் இருக்கிறது என்றால், கிடையாகப் போகும் குழாயின் உள்விட்டம் பிசுக்கால் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. மேல் பாதியில் காற்று போக வேண்டிய இடத்தையும் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. முழு அடைப்புக்கு முந்தைய எச்சரிக்கை இதுதான்.

தண்ணீர் ஒழுங்காகப் போகிறது, நாற்றம் மட்டும்

வெளியூர் போய்த் திரும்பிய வீடா? ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் விட்டால் சரி. தினமும் புழங்கும் வீட்டில் நாற்றம் என்றால் முந்தைய பகுதியில் சொன்ன உறிஞ்சல்தான் முதல் சந்தேகம்.

இரண்டும் இல்லையென்றால் சிங்க்கின் ஜாலிக்குக் கீழ்ப்பக்கம், ட்ராப்புக்கு மேலே உள்ள குட்டிக் குழாயின் உள்சுவரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அங்கே படிந்த மாவுதான் புளித்து நாறும். ட்ராப் அதற்குக் கீழே இருப்பதால் அந்த நாற்றத்தைத் தடுக்க முடியாது.

வெளியே கல்லி ட்ராப்பில் வெள்ளையாக மெழுகு மாதிரி மிதக்கிறது

தனிவீடுகளில் சமையலறைத் தண்ணீர் சுவருக்கு வெளியே ஒரு சின்னத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து சேம்பருக்குப் போகும். அதுதான் கல்லி ட்ராப். மூடியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பார்த்தால் வீட்டுச் சமையலின் வரலாறே அங்கே இருக்கும்.

அந்த வெள்ளைக் கட்டி எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உறையும். நெய் அதற்கும் மேலே. மார்கழி இரவில் சென்னையிலேயே 22 டிகிரிக்குக் கீழே போவதுண்டு. கோவையையும் ஊட்டியையும் கேட்கவே வேண்டாம். வனஸ்பதியோ அறைச் சூட்டில் கெட்டியாக இருப்பதற்கென்றே தயாராவது. இவை எல்லாம் வெந்நீரில் இளகி, குழாயில் போகும்போது குளிர்ந்து, பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஏடு ஒட்டுவது போலச் சுவரில் ஒட்டும்.

சரி, எங்கள் வீட்டில் சூரியகாந்தி எண்ணெய்தான், அது உறையாதே என்று கேட்கலாம். உறையாது. ஆனால் எண்ணெயைச் சூடாக்கச் சூடாக்க அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரியும். சாக்கடையில் உள்ள நுண்ணுயிரிகளும் அதே வேலையைச் செய்யும். அந்த அமிலங்கள் கால்சியத்தைச் சந்தித்தால் சேர்ந்து ஒருவகைச் சோப்பாகின்றன. தண்ணீரில் கரையாத சோப்பு. கால்சியத்துக்கு எங்கே போவது? உப்பேறிய போர்த் தண்ணீரில் தாராளமாக இருக்கிறது. சிமெண்ட் சேம்பரின் சுவரிலிருந்தும் கசிகிறது. அதனால்தான் பழைய சேம்பர்களில் கரண்டியால் தட்டினால் சத்தம் வரும் அளவுக்குக் கெட்டியான படிவு இருக்கிறது. வெந்நீர் விட்டு அதை உருக்க முடியாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இதன் பெரிய வடிவத்தை லண்டன் பார்த்திருக்கிறது. 2017இல் வொயிட்சேப்பல் பகுதியில் தெருவுக்கு அடியில் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரே கொழுப்புக் கட்டி. ஈரத் துடைப்பான்களும் டயப்பர்களும் கொழுப்போடு இறுகியது. அதன் ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கே வைத்தார்கள்.

வீட்டுக் கல்லி ட்ராப்புக்குத் திரும்புவோம். கையுறை, பழைய கரண்டி, ஒரு பிளாஸ்டிக் பை. மிதப்பதை அள்ளுங்கள், அடியில் படிந்த சோற்றையும் மாவையும் துழாவி எடுங்கள், பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றி உள்ளே தள்ளிவிடாதீர்கள். கல்லி ட்ராப்பில் பிசுக்கு நிற்பது குறையில்லை. கைக்கு எட்டும் இடத்தில் அதைத் தேக்கிக் காட்டும் கடைசித் தொட்டி அதுதான்.

மாடி வீட்டார் துவைத்தால் தரைத்தளத்தில் ததும்புகிறது

அடுக்குமாடிகளில் அதிகச் சண்டை வருவது இதனால்தான். தரைத்தளத்தில் இருப்பவர் மேலே கை காட்டுவார், மேலே இருப்பவர் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லையே என்பார். இருவர் சொல்வதும் உண்மை. பொதுக் குழாயின் அடியில் அடைப்பு இருந்தால் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே வந்து, முதலில் கிடைக்கும் தாழ்வான வாய் வழியாக வெளியே வரும். அது பெரும்பாலும் தரைத்தளத்துப் பாத்ரூம் ஜாலி. அவர் வீட்டுக் குழாயை எத்தனை தடவை குத்தினாலும் பயன் இல்லை.

செய்ய வேண்டியது இது. அரை மணி நேரம் எல்லா வீட்டிலும் தண்ணீர் விடாமல் இருக்கச் சொல்லுங்கள். பிறகு வளாகத்துக்குள் இருக்கும் சேம்பர் மூடிகளைக் கட்டடத்தை ஒட்டியதிலிருந்து தெருவை நோக்கி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரு சேம்பர் நிரம்பி நிற்கிறது, அடுத்தது காலி என்றால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். முதல் சேம்பரே காலி என்றால் அடைப்பு கட்டடத்திலிருந்து இறங்கும் குழாயின் அடி வளைவில். அங்கே திறக்கும் மூடியுள்ள டோர் பெண்ட் போட்டிருந்தால் நல்லது, இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள். எல்லாச் சேம்பரும் தெரு வரை நிரம்பி நின்றால், உங்கள் வளாகத்தில் எந்தக் குறையும் இல்லை, பணத்தை வீணாக்காதீர்கள். கீழே ‘தெரு மேன்ஹோல் பொங்குகிறது’ என்ற பகுதியைப் படியுங்கள்.

இரண்டு சேம்பருக்கு நடுவே அடைத்திருந்தால் காலியாக இருக்கும் பக்கத்திலிருந்து, அதாவது தெருப்பக்கமிருந்து, மேல்நோக்கி ராடு (அடைப்பைக் குத்தும் நீளக் கம்பி) விடுவது நல்லது. அடைப்பு உடைந்ததும் தேங்கிய தண்ணீரே பிசுக்கை அடித்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் கீழ்ச் சேம்பரின் வெளியேறும் வாயில் ஒரு கம்பி வலையைப் பிடித்து வையுங்கள். வரும் கட்டிகளை அங்கேயே அள்ளிவிடலாம். இதைச் செய்யாமல் விட்டால் உங்கள் அடைப்பு அடுத்த வாரம் தெருவுக்குச் சொந்தமாகும். ராடு வேலை செய்யும் பிளம்பர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

மூடியைத் திறக்கும்போது முகத்தை நேராகக் கொண்டுபோகாதீர்கள், பீடி சிகரெட் வேண்டாம், திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். இரண்டு மூன்று அடி ஆழச் சேம்பரை மேலிருந்தே சுத்தம் செய்யலாம். அதைவிட ஆழமானதில் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்கக் கூடாது. சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை. பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. இறங்கியவர் வாடை போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இன்னும் கூடினால் சில மூச்சிலேயே நினைவு தப்பும். தூக்கப் போகிறவரும் விழுவார். நம் ஊர்ச் செய்திகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இறப்பது இப்படித்தான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்தவர் குடியிருப்புச் சங்கமாக இருந்தாலும் இது பொருந்தும். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ‘பழக்கப்பட்ட ஆள், இரண்டாயிரம் கொடுத்தால் இறங்குவார்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

தெரு மேன்ஹோல் பொங்குகிறது

முதலில் பொங்குவது எது என்று பாருங்கள். சென்னையில் பாதாள சாக்கடையும் மழைநீர் வடிகாலும் தனித்தனி. முன்னது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, புகாருக்கு 1916. பின்னது மாநகராட்சி, 1913. மாற்றிச் சொன்னால் இரண்டு பக்கமும் அலைய விடுவார்கள்.

புகார் சொல்லும்போது ‘தெருவில் சாக்கடை’ என்று மட்டும் சொல்லாமல், எந்த மேன்ஹோல் பொங்குகிறது, அதற்கு அடுத்தது எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் பொங்குகிறது என்று சொல்லுங்கள். காலை ஏழிலிருந்து பத்து வரை மட்டும் பொங்கி மதியம் வடிந்தால் குழாய் பாதி சுருங்கியிருக்கிறது. நாள் முழுக்கப் பொங்கினால் முழு அடைப்பு, அல்லது கீழே உள்ள பம்பிங் நிலையத்தில் ஏதோ கோளாறு. மழைக்கு மட்டும் பொங்கினால் யாரோ மழைத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருக்கிறார்கள். தேங்கிய மழைநீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடும் வழக்கம் பல தெருக்களில் உண்டு. அதே தண்ணீர் தாழ்வான வீட்டின் பாத்ரூமில் கிளம்பும். வாரியத்தின் ஜெட்ராடிங் வண்டி அழுத்தமான தண்ணீரால் பிசுக்கை உடைக்கும், உறிஞ்சும் வண்டி சேற்றை எடுக்கும். உடைத்துவிட்டு எடுக்காமல் போனால் அடுத்த மேன்ஹோலில் சந்திக்கலாம். எடுத்தார்களா என்று நின்று பாருங்கள்.

இது எந்தக் கடைக்கு அருகில் அடிக்கடி நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை, இனிப்புக் கடையின் சமையற்கட்டு என்று பெரும்பாலும் ஓர் இடத்தைச் சுற்றியே இருக்கும்.

மெஸ், ஓட்டல்: கிரீஸ் ட்ராப் இருக்கிறது, ஆனாலும் அடைக்கிறது

கிரீஸ் ட்ராப் என்பது பெரிய மந்திரம் இல்லை. தண்ணீரைக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வைக்கும் தொட்டி. எண்ணெய் மேலே மிதக்கும், சோறும் மாவும் அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் டீ வடிவக் குழாய் வழியாக வெளியேறும். அது வேலை செய்யவில்லை என்றால் மேலே சொன்ன ஏதோ ஒன்று நடக்கவில்லை.

மூடியைத் திறந்து ஒரு குச்சியை அடி வரை மெதுவாக விட்டு எடுங்கள். மேலே மிதக்கும் பிசுக்கின் தடிமனும் அடியில் உள்ள படிவின் தடிமனும் சேர்ந்து மொத்த ஆழத்தில் கால் பங்கைத் தாண்டினால் தொட்டி இனி எதையும் பிடிக்காது. வந்தது அப்படியே வெளியே போகும். பல நாடுகளில் இந்தக் கால் பங்குக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை என்று தேதி வைத்துச் சுத்தம் செய்வதைவிடக் குச்சி அளவை நம்புவது மேல். கல்யாண சீசனில் ஒரு வாரத்திலேயே நிரம்பும்.

அளவு சரியாக இருந்தும் பிசுக்கு தப்பினால் தண்ணீர் மிகச் சூடாக வருகிறதா என்று பாருங்கள். கொதிக்கும் தண்ணீரும் அதிகச் சோப்பும் எண்ணெயைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். அப்போது அது மிதக்காது, தொட்டியைத் தாண்டிப் போய்க் குளிர்ந்து பிரியும். அடுத்து, வெளியேறும் டீயின் கீழ்க்கால் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘அடைக்கிறது’ என்று அறுத்துப் போட்டிருப்பதும் உண்டு; அறுத்தால் மேலே மிதக்கும் எண்ணெய்தான் முதலில் வெளியேறும். கழிப்பறைக் குழாயோ மழைத் தண்ணீரோ இதில் சேரவே கூடாது. கிரைண்டர் கழுவும் தண்ணீரைத் தனியாக ஒரு வாளியில் தெளிய வைத்து ஊற்றினால் அடிப் படிவு பாதியாகும்.

நுண்ணுயிரித் திரவம் ஊற்றினால் அள்ளவே வேண்டாம் என்று விற்க வருவார்கள். நான் அதை நம்புவதில்லை. தொட்டியில் மிதப்பது திரவமாகிக் கீழே போனால் கீழே எங்கோ மறுபடி சேராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அள்ளும் வேலைக்குப் பதில் கிடையாது.

பொரித்த எண்ணெய் வேறு கணக்கு. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் கெட்டு உருவாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்த வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் இடங்கள் எண்ணெய்க் கணக்கை எழுதி வைக்க வேண்டும். அந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் தவறு, கைவண்டிக் கடைக்கு மலிவாக விற்பதும் தவறு. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும் ஆணையத்தின் ரூகோ திட்டத்தில் பதிவு பெற்றவர்கள் வாங்கிப் பயோடீசலுக்கு அனுப்புகிறார்கள். காசும் கிடைக்கும். ஆனால் கிரீஸ் ட்ராப்பில் அள்ளிய பிசுக்கை இதோடு கலந்து கொடுக்காதீர்கள். தண்ணீரும் சோறும் கலந்த அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

செப்டிக் டேங்க் வீடு: எல்லாமே மெதுவாகிறது

பாதாள சாக்கடை வராத பகுதிகளில் சமையலறைத் தண்ணீரும் டேங்க்கில் சேர்ந்தால், பிசுக்கு மேலே ஏடாகத் திரண்டு வெளியேறும் டீயை அடைக்கும். அதையும் தாண்டினால் உறிஞ்சு குழியின் மண்ணில் படிந்து, தண்ணீர் இறங்கவே விடாது. டேங்க்கை இறைத்தால் டீ சரியாகும். பிசுக்கேறிய மண் சரியாகாது, குழியைப் புதிதாக வெட்ட வேண்டியிருக்கும். 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து இறைத்துவிடுவது மலிவு. லாரிக்கு 14420 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

எடுத்தும் எடுத்தும் திரும்ப வருகிறது

இரண்டு காரணம்தான். ஒன்று சமையலறைக்குள்ளே. எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் செய்தித்தாளாலோ வாழை இலைத் துண்டாலோ துடைத்தால், குழாய்க்குள் போகும் பிசுக்கில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும். நெய்ப் பாத்திரம், கறிச் சட்டி, அப்பளம் பொரித்த வாணலி, இந்த மூன்றும்தான் முக்கியம். மாவுப் பாத்திரத்தை முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அலசி அதைச் செடிக்கு ஊற்றுங்கள். வடித்த கஞ்சி குடிக்க, இல்லையென்றால் மாட்டுக்கு, அதுவும் இல்லையென்றால் நன்றாகத் தண்ணீர் கலந்து ஆறிய பின் செடிக்கு. ஜாலி வடிகட்டியை மாட்டிவிட்டு, அது நிரம்பியதும் சிங்க்குக்குள்ளேயே தட்டினால் வடிகட்டி எதற்கு? சிங்க்கில் மாட்டும் அரவை இயந்திரமும் எனக்கு உடன்பாடில்லை; முருங்கைக்காய் நாரையும் தேங்காய்ச் சக்கையையும் பொடியாக்கினாலும், அது பிசுக்கோடு சேர்ந்து கிடைக் குழாயின் அடியில் படியத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம் வாட்டம், அதாவது குழாயின் சரிவு. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அடைத்தால் பிசுக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. 110 மி.மீ. குழாய்க்குப் பொதுவாக 40க்கு 1 முதல் 60க்கு 1 வரை வாட்டம் வேண்டும். பத்து மீட்டர் ஓட்டத்துக்கு 17 முதல் 25 செ.மீ. இறக்கம். வாட்டம் குறைந்தால் வேகம் குறையும். தெருச் சாக்கடைகளையே விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஓடும்படிதான் வடிவமைக்கிறார்கள், அதற்குக் கீழே போனால் படிவு தங்கிவிடும் என்பதால். டைல்ஸ் மாற்றும்போதோ தரையை உயர்த்தும்போதோ குழாயைக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள், நடுவில் ஒரு தொய்வு விழுந்திருக்கும்.

குழாயைத் தோண்டி மாற்றுவது என்று முடிவானால், கொத்தனார் மண் தள்ளுவதற்கு முன் நீர்மட்டக் குழாய் பிடித்து இரண்டு முனையையும் அளந்து பாருங்கள். பிறகு மேல் முனையில் ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கீழ்ச் சேம்பரில் அது வந்து நிற்கும் வரை பாருங்கள். கடைசியில் குழாயின் அடியில் பட்டையாகத் தண்ணீர் தேங்கி நின்றால், இன்னும் மண் போடக் கூடாது.